பார் எலக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா? வாக்காளர் பட்டியலை முதல்ல கையில வாங்குங்க

வணக்கம்ங்க. தர்மபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு, இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைன்னு இந்த கோர்ட்டுகள்ல ப்ராக்டிஸ் பண்ற வக்கீல்கள்ல யாராவது பார் அசோசியேஷன், அதாவது வழக்கறிஞர் சங்கத்துத் தலைவருக்கோ செயலாளருக்கோ நிக்கலாம்னு யோசிச்சுட்டு இருந்தா, இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

பார் கவுன்சில் எலக்‌ஷன் பத்தி இன்னைக்குப் பேசலைங்க. அது வக்கீல்களைப் பதிவு பண்ற மாநில அமைப்பு, 1961 வழக்கறிஞர்கள் சட்டத்துல வர்றது. மாநிலம் முழுக்க இருக்கிற வக்கீல்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில 25 பேரைத் தேர்ந்தெடுப்பாங்க, 5 வருஷப் பதவி. நம்ம ஊர் சங்கம் பெரும்பாலும் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானது. அங்க பைலா, அதாவது சங்கத்தோட விதிமுறை, என்ன சொல்லுதோ அதுதான் நடக்கும். நிர்வாகக் குழுவோட பதவிக்காலம் 3 வருஷத்தைத் தாண்டக் கூடாதுன்னு அந்தச் சட்டம் சொல்லுது. அதுக்குள்ள ஒரு வருஷமா ரெண்டு வருஷமாங்கிறது உங்க பைலா.

அந்த பைலாவை சங்கத்து பீரோவுல இருக்கிற ஜெராக்ஸ்ல படிச்சுட்டு நிக்காதீங்க. மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்குங்க. பல சங்கங்கள்ல ஜெனரல் பாடி தீர்மானம் போட்டு ஒரு விதியை மாத்தியிருப்பாங்க, ஆனா அந்தத் திருத்தத்தைப் பதிவாளர்கிட்ட பதிஞ்சிருக்க மாட்டாங்க. நீங்க அதை நம்பி நாமினேஷன் போடுவீங்க, எதிர்ல நிக்கிறவர் பழைய விதியைக் காட்டி ஆட்சேபிப்பார். பைலாவுல தேட வேண்டியது இதுதான்: தலைவருக்கு எத்தனை வருஷ ப்ராக்டிஸ் கேட்குது, செயலாளருக்கு எத்தனை, தொடர்ந்து ரெண்டு தடவை இருந்தவர் மறுபடி நிக்கலாமா, சந்தா எந்தத் தேதிக்குள்ள கட்டியிருக்கணும், முன்மொழியறவர் ஒரே பதவிக்கு ரெண்டு பேருக்குக் கையெழுத்துப் போடலாமா.

இனி வாக்காளர் பட்டியல். இங்க கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நல்ல வேட்பாளர்கள் தோக்குறது பெரும்பாலும் பிரச்சாரத்துல இல்லைங்க, இந்தப் பட்டியல்ல.

வரைவுப் பட்டியல் ஒட்டின அன்னைக்கே ஒரு நகல் வாங்கி, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அவங்க என்ரோல்மென்ட் நம்பர், அதாவது பார் கவுன்சில்ல வக்கீலாப் பதிஞ்ச எண், இருக்கான்னு பாருங்க. வெறும் பேரும் இனிஷியலும் போதவே போதாது. நம்ம பக்கத்துல ஒரே இனிஷியல்ல ரெண்டு முருகன், மூணு கோவிந்தராஜ் சாதாரணமா இருப்பாங்க. ஒருத்தர் சந்தா கட்டியிருப்பார், இன்னொருத்தர் பேர் பட்டியல்ல ஏறியிருக்கும். நம்பரும் வருஷமும் போட்டா இந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துடும். அதோட ப்ராக்டிஸ் சான்றிதழ், அதாவது பார் கவுன்சிலோட 2015 விதிகள்ல வர்ற சிஓபி, இருக்கான்னும் கேளுங்க. முழுநேரச் சம்பள வேலைக்குப் போனவங்க ப்ராக்டிஸை நிறுத்திடணும்னு அகில இந்திய பார் கவுன்சில் விதி 49 சொல்லுது. அவங்க பேர் பட்டியல்ல அப்படியே கிடக்கும். இறந்துபோனவங்க பேர்கூட கிடக்கும்.

அடுத்தது ஒரு பார், ஒரு ஓட்டு. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்துக்கும் பி.டி. கௌசிக்குக்கும் நடந்த வழக்குல 2011 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் இதை உறுதி பண்ணிடுச்சு. எத்தனை சங்கத்துல வேணும்னாலும் உறுப்பினரா இருங்க, ஓட்டு ஒரே இடத்துலதான். நம்ம ரெண்டு மாவட்டத்துல இது எங்க இடிக்குதுன்னா, முதல்ல ஓசூர்ல. காலையில ஓசூர், மத்தியானம் ஆனேக்கல்னு எல்லை தாண்டி ஆஜராகிறவங்க அங்க உண்டு. கர்நாடகா பார் கவுன்சில் பதிவேட்டுல என்ரோல் ஆனவங்களும் ஓசூர்ல ஆஜராவாங்க, அதுல தப்பே இல்லை, வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 30 இந்தியா முழுக்க ஆஜராக உரிமை கொடுக்குது. ஆனா ஓட்டு? வழக்கமா எங்க ப்ராக்டிஸ் பண்றாங்களோ அங்கதான். இதே மாதிரி அரூர் பார்லயும் தர்மபுரி பார்லயும் பேர் இருக்கிறவங்க. இதுக்கு ஒரே வழி, ஓட்டுப் போடுற ஒவ்வொருத்தரும் "நான் வேற எந்த சங்கத்துலயும் ஓட்டுப் போடலை"ன்னு உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும்னு தேர்தல் அதிகாரியைக் கேக்கிறது. தேதி அறிவிச்ச உடனே எழுத்துல கேளுங்க. ஓட்டுப் போடுற நாள்ல வந்து கேட்டா சண்டைதான் வரும்.

சந்தா பாக்கி விஷயம் இன்னும் மோசம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஒருத்தர் வந்து நாப்பது, அம்பது பேருக்கு மொத்தமா பணம் கட்டி ரசீது வாங்கிட்டுப் போவார். அந்த நாப்பது ஜூனியர்களும் அவருக்குக் கடன்பட்ட மாதிரி ஆயிடும். இதை நான் சுத்தமா ஏத்துக்க மாட்டேன். ஒரு வக்கீலோட ஓட்டுக்கு அடுத்தவர் சந்தா கட்டினா, அது ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறதுதான், வேற பேர் இல்லை. உங்களுக்குச் சந்தேகம் வந்தா ரசீதுப் புத்தகத்துல வரிசை எண்ணைப் பாருங்க, பேங்க்ல பணம் கட்டின தேதியோட ஒத்துப் பாருங்க. ரசீது 28-ம் தேதி போட்டிருக்கும், பணம் அடுத்த மாசம் 6-ம் தேதிதான் பேங்குக்குப் போயிருக்கும். அங்க பிடிங்க. ஆட்சேபணையை வாயால சொல்லாதீங்க. ரெண்டு நகல் எழுதி, ஒண்ணுல தேதி, நேரத்தோட கையெழுத்து வாங்கிக்குங்க. இறுதிப் பட்டியல் வந்தப்புறம் கோர்ட்டுக்குப் போனாக்கூட "அப்பவே ஏன் சொல்லலை"ங்கிறதுதான் முதல் கேள்வி.

நாமினேஷன் சுலபம். என்ரோல்மென்ட் சான்றிதழ்ல இருக்கிற அதே பேர், அதே ஸ்பெல்லிங். நீங்க சந்தா கட்டியிருப்பீங்க, முன்மொழிஞ்சவர் கட்டியிருக்க மாட்டார், ஸ்க்ரூட்டினில, அதாவது மனு பரிசீலனையில, அதுலதான் உங்க நாமினேஷன் தள்ளுபடி ஆகும். அதனால வேற வேற ஆளுங்களை வச்சு ரெண்டு செட் போடுங்க.

ஓட்டு கேக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. பட்டியல்ல 400 பேர்னு வச்சுக்குவோம். 340 ஓட்டு விழுது, தலைவருக்கு மூணு பேர் போட்டின்னா 130 எடுத்தவர்கூட ஜெயிச்சுடலாம். அதனால எல்லாரையும் ஒரே மாதிரி சுத்திச் சுத்தி வராதீங்க. நோட்டுல சிவில், கிரிமினல், மோட்டார் விபத்து, குடும்ப நல கோர்ட்டுன்னு பிரிச்சு எழுதி, யார் எந்த சீனியர் ஆபீஸ்னு குறிங்க. அஞ்சு வருஷத்துக்குக் கீழ இருக்கிற ஜூனியர்கள்கிட்ட சீனியர் மூலமா போகாம நேரா போங்க. கோர்ட் கூடுறதுக்கு முந்தின அரை மணி நேரமும் மத்தியான இடைவேளையும்தான் ஆள் கிடைக்கிற நேரம். கேஸ் கூப்பிடப் போற நேரத்துல கையைப் பிடிச்சு நிறுத்தினீங்கன்னா அந்த ஓட்டு போச்சு.

ராத்திரி விருந்து, பாட்டில், சாதிக் கூட்டம், இதெல்லாம் நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுல ஜெயிச்ச தலைவர் நாளைக்கு மாவட்ட நீதிபதி முன்னாடி போய் மொத்த பாருக்காகவும் பேச முடியாதுங்க.

வாக்குறுதில ஜாக்கிரதையா இருங்க. "நான் வந்தா கோர்ட் புறக்கணிப்பு"ன்னு பேசாதீங்க. ஹரீஷ் உப்பல் வழக்குல, 2002 டிசம்பர் 17 தீர்ப்பு, வக்கீல்களுக்கு ஸ்டிரைக் பண்ணவோ புறக்கணிப்புக்கு அழைக்கவோ உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. தலைவரால நிஜமா முடியறது என்ன? முதன்மை மாவட்ட நீதிபதிகிட்ட எழுத்துல கோரிக்கை வைக்கலாம், நம்ம மாவட்டத்தைக் கவனிக்கிற ஹைகோர்ட் போர்ட்ஃபோலியோ நீதிபதி ஆய்வுக்கு வர்றப்போ நேர்ல சொல்லலாம், கட்டடம் ஒழுகினா பொதுப்பணித் துறைக்குக் கடிதம் போக வைக்கலாம். சங்கத்துக்குள்ளயே ஒரு ஸ்கேனர், ஒரு ஆபரேட்டர் வச்சு இ-ஃபைலிங் பண்ணிக் கொடுக்கலாம். பெண் வக்கீல்களுக்குத் தனி ஓய்வறை, தண்ணி வர்ற கழிப்பறை, இதைச் சொல்லிட்டுச் செய்யாதவங்கதான் அதிகம். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க நிர்வாகத்துல பெண்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு 2024 மே மாசம் உத்தரவு வந்துச்சு. உங்க பைலாவுல அப்படி ஒண்ணு இல்லைன்னா, அதைக் கொண்டு வர்றேன்னு சொல்லி ஓட்டு கேளுங்க.

இப்போ இதைப் பாருங்க, கேமரா பக்கத்துல காட்டுறேன். மாதிரி வாக்குச்சீட்டு. வெள்ளை தலைவருக்கு, மஞ்சள் செயலாளருக்கு, இந்த ரோஸ் செயற்குழுவுக்கு. செயற்குழுல 5 பேர்னா அஞ்சு டிக்தான். ஆறாவதா ஒண்ணு போட்டா மொத்தச் சீட்டும் செல்லாது. பழக்கதோஷத்துல கீழ கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, வக்கீல்கள் இதை நிறைய பண்ணுவாங்க. எண்ணுற இடத்துல உங்க ஏஜென்ட் செல்லாத சீட்டைத் தனிக் கட்டா வைக்கச் சொல்லணும், வித்தியாசம் குறைவா இருந்தா முடிவு அறிவிக்கிறதுக்கு முன்னாடியே மறு எண்ணிக்கைக்கு எழுதிக் கொடுத்துடணும்.

ஜெயிச்சாச்சு. மாலை போட்டு ஃபோட்டோ எடுத்தப்புறம் நிர்வாகிகள் மாறினதைத் தெரிவிக்கிற படிவம் 7-ஐ மாவட்டப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணுங்க. தள்ளிப் போட்டா பழைய நிர்வாகிகள்தான் ரெக்கார்டுல இருப்பாங்க. பேங்க்ல கையெழுத்து மாத்தத் தீர்மான நகல் கேப்பாங்க. சேமநல நிதி ஸ்டாம்ப் கையிருப்பைப் பழைய பொருளாளர் முன்னாடி ஒவ்வொரு ஷீட்டா எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. வக்காலத்துல ஒட்டுற அந்த ஸ்டாம்ப் பணம்தான், குறைஞ்சா கடைசில பழி புதுசா வந்தவர் மேல விழும்.

இன்னொண்ணு. ஜெயிச்ச மறுநாளே ஆபீஸ் போர்டுல "தலைவர், வழக்கறிஞர் சங்கம்"னு எழுதிடுறாங்க. அகில இந்திய பார் கவுன்சில் விதி 36, பெயர்ப் பலகையிலயும் லெட்டர்பேட்லயும் சங்கத் தலைவர்னோ முன்னாள் தலைவர்னோ போடக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. கார் கண்ணாடில ஒட்டுறதும் வேண்டாம். சங்கத்துக்குன்னு தனி லெட்டர்பேட் இருக்கு, சங்க வேலைக்கு மட்டும் அதுல எழுதுங்க.