விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றியும் கேளுங்கள்

(அரிசோனாவில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலம் வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான்: "சார்ட்டர் பள்ளி லாட்டரியில் பெயர் வந்துவிட்டதா? வெயிட் லிஸ்ட்டில் எத்தனையாவது?" அதனால் இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று வந்தேன்.

சார்ட்டர் பள்ளியைத் தனியார் பள்ளி என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அது வரிப்பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான். கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கவும் கூடாது. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆனால் அதை நடத்துவது டிஸ்ட்ரிக்ட், அதாவது வட்டாரப் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம் அல்ல, ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஒரு தனி அமைப்பு. 1991-ல் மினசோட்டா முதலில் இதற்குச் சட்டம் போட்டது, 1994-ல் அரிசோனா. இன்று நம் மாநிலத்துப் பொதுப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சார்ட்டரில் படிக்கிறார்.

சரி, எது உசத்தி? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009-ல் பார்த்தபோது, கணக்குப் பாடத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் அக்கம்பக்கத்து வழக்கமான பொதுப் பள்ளிகளை முந்தியிருந்தன, 37 சதவீதம் பின்தங்கியிருந்தன. மற்றவற்றில் வித்தியாசமே இல்லை. அதே மையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் சார்ட்டர் பிள்ளைகள் வழக்கமான பொதுப் பள்ளிப் பிள்ளைகளைவிட ஓராண்டில் சராசரியாக வாசிப்பில் 16 நாள் பாடமும் கணக்கில் 6 நாள் பாடமும் முன்னே இருந்தார்கள். ஆனால் அந்தச் சராசரிக்குள் மிக நல்ல பள்ளியும் உண்டு, மிக மோசமான ஆன்லைன் பள்ளியும் உண்டு. 'சார்ட்டர்' என்ற பெயரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

நாம் முடிவுகட்டுவது ரேங்க் பட்டியலை வைத்து. உயர்நிலைப் பள்ளி ரேங்க் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு. ஆறாம் வகுப்பில் நூறு பேர் சேர்ந்து பன்னிரண்டில் நாற்பது பேர் இருந்தால், அந்த அறுபது பேர் எங்கே போனார்கள், ஏன் போனார்கள்? ஸ்கூல் டூர் போகும்போது நாம் யாரும் இதைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

என் மகள் சார்ட்டரில் நன்றாகவே படித்தாள், அதை மறைக்க மாட்டேன். அவளுக்கு வேகம் பிடிக்கும். மகனுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வந்தது. மூன்றாம் வகுப்பில் தினமும் மாலை வீட்டுப்பாடத்தின் முன் அழுதான். சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைக்கென்று தனியாக எழுதித் தரும் கல்வித் திட்டமான ஐ.இ.பி. பற்றிச் சார்ட்டரில் கேட்டேன். "எங்கள் பாடத்திட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனால் வாசலைக் காட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அதைச் செய்ய வேண்டிய கடமை சட்டப்படி சார்ட்டருக்கும் உண்டு. அது எனக்கு அன்று தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு அருகிலிருக்கும் டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கு மாற்றினோம். வாசிப்புக்கென்று ஓர் ஆசிரியை வாரம் நான்கு நாள் அவனோடு உட்கார்ந்தார். ஆண்டு முடிவதற்குள் அவனே நூலகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னான்.

அப்புறம் பஸ். சார்ட்டர்கள் பலவற்றில் மஞ்சள் பஸ் கிடையாது. நாமேதான் காரில் கொண்டுவிட வேண்டும்: காலையில் இருபத்தைந்து நிமிடம், மாலையில் அதே தூரம். எங்கள் வீட்டில் அதற்காக வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டது நான்தான். இங்கே இருக்கும் பெண்கள் பலருக்கும் இது தெரிந்த கதை. விண்ணப்பம் போடும் முன்பே வீட்டில் இருவரும் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

இன்னொன்று. பக்கத்துத் தெரு டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காமலேயே நம்மில் பாதிப் பேர் அதை ஒதுக்கிவிட்டோம். அடுத்த வாரம் நான் அங்கே ஒரு வகுப்பைப் பார்க்கப் போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். காரில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.