மாலை கழட்டின அன்னைக்கே பெட்டிக்கடை

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் அருமையா பேசினாரு, கட்டுப்பாடா இருந்தாலே போதும் மனசு தானா வழிக்கு வந்துடும்னு சொல்லிட்டு உக்காந்தாரு. எங்க பெரியப்பா 18 வருஷம் அய்யப்பனுக்கு மாலை போட்டவருங்க. கார்த்திகை ஒண்ணாந்தேதியில இருந்து 41 நாள் சிகரெட்டைத் தொட மாட்டாரு, பச்சத்தண்ணி குளியல், தரையில படுக்கை, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா பூஜை ரூம் காலண்டர்ல தெனமும் பேனாவால ஒரு கட்டத்தை அடிச்சுட்டே வருவாரு. மலையிறங்கி வந்து மாலையைக் கழட்டி சாமி படத்துல மாட்டின கையோட, நேரா தெருமுனை பெட்டிக்கடைதான். அந்த 41 நாளும் அவரு சிகரெட்டை விட்டிருந்தாரு சரி, சிகரெட்டு அவரை விட்டுச்சா?

விரதத்தை நான் குறை சொல்லலைங்க. வேலி வேணும்தான், ஆனா வேலி போட்டதால களை செத்துடுமா?

பத்திரகிரியார் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், ராஜ்ஜியத்தையே விட்டுட்டு வந்து திருவிடைமருதூர் கோயில் மேல வாசல்ல உக்காந்தவரு, ஒரு திருவோடு, கூட ஒரு நாய், அவ்வளவுதான் சொத்து. கீழ வாசல்ல இருந்த பட்டினத்தார்கிட்ட ஒருத்தர் பிச்சை கேட்டு வந்தப்ப, மேல வாசல்ல ஒரு சம்சாரி இருக்கான் அவன்கிட்ட போய் கேளுன்னு அனுப்பிட்டாராம். நாட்டையே விட்டவருக்கு ஓடு ஒட்டிக்கிச்சு, அப்பதான் அது அவருக்கே உறைச்சுது.

வள்ளுவரைப் பாருங்க. 35ஆவது அதிகாரம் துறவு, எல்லாத்தையும் விட்டாச்சு, அதோட நிறுத்தியிருக்கலாமே? ஏன் 37ல அவா அறுத்தல்னு இன்னொரு 10 குறள் எழுதணும்? நடுவுல 36ல மெய்யுணர்தல் வச்சிருக்காரே, எனக்கு அதுதான் பெருசா படுது. உள்ளதை உள்ளபடி பாத்தாதான் ஆசை கழண்டு விழும், மல்லுக்கட்டினா விழாது.

பெரியப்பாவுக்கு அதான் நடந்துச்சு. பேரனை முதல் தடவை தூக்கினப்ப குழந்தை அந்த நாத்தத்துக்கு முகத்தைத் திருப்பிட்டு வீறிட்டு அழுதுச்சு, அவரு ஒண்ணும் பேசலை, தன் விரலை மோந்து பாத்துட்டு ரொம்ப நேரம் திண்ணையிலயே உக்காந்திருந்தாரு. மாலை இல்லை, சபதம் இல்லை. போன தை மாசம் ஒரு கல்யாண வீட்டுல பழைய கூட்டாளி பாக்கெட்டை நீட்டினாரு, பெரியப்பா வேணாம்னு தலையாட்டிட்டு பேரனுக்கு பல்லு முளைச்ச கதையை விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தாரு. விட்டு எத்தனை நாளாச்சு பெரியப்பான்னு நான்தான் கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாரு, தெரியலையேப்பான்னாரு.