ஊரைக் கேக்காம எந்த மலையைக் காப்பாத்துவீங்க?

நடுவர் ஐயாவுக்கும் சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பழைய சின்னங்களைக் காக்கிற முடிவு நிபுணர்கள் கையில இருக்கணுமா, ஊர்மக்கள் கையில இருக்கணுமாங்கிறதுதான் தலைப்பு. நாங்க ஊர்மக்கள் பக்கம். எதிரணித் தலைவர், கல்வெட்டு மேல சுண்ணாம்பு அடிக்கிற ஆளுங்ககிட்டயா முடிவைக் கொடுக்கச் சொல்றீங்கன்னு கேட்டு கைதட்டல் வாங்கிட்டுப் போனாரு.

ஐயா, மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துல அரிட்டாபட்டிக்கு ஒரு நடை போய்ப் பாருங்க. குகை நெத்தியில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழி, அதாவது தமிழோட பழைய எழுத்து, பாறையில மகாவீரர் சிற்பம், இன்னொரு பக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயில், அங்க சிவனோட வடிவமா லகுலீசர் சிற்பம். இதையெல்லாம் படிச்சு சொன்னது அறிஞர்கள்தான், நாங்க மறுக்கல. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு மாநில அரசே அறிவிச்சுது. சரியா ரெண்டே வருஷம், 2024 நவம்பர்ல அந்த இடத்தையும் உள்ள சேர்த்து சுமார் 5,000 ஏக்கர்ல டங்ஸ்டன்ங்கிற உலோகத்தை வெட்டி எடுக்க ஒன்றிய அரசு ஏலத்தையே முடிச்சிருச்சு. அந்த மேப்புல கோடு போட்டவங்களும் நிபுணர்கள்தானே ஐயா!

தடுத்தது யாரு? முன்னாடி கிரானைட் குவாரி வந்தப்பவே மறிச்சு நின்ன அதே ஜனங்க. கிராமசபையில தீர்மானம் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் டிசம்பர்ல சட்டசபைத் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்னைக்கு நரசிங்கம்பட்டியிலேர்ந்து மதுரைக்கு ஆயிரக்கணக்குல கிளம்பி நடந்தாங்க பாருங்க, பொம்பளைங்க, வயசானவங்க, புள்ளைங்கன்னு, ஜனவரி 23 ஏலம் ரத்து.

சுண்ணாம்பு விஷயத்துக்கு வர்றேன். அடிக்கிறாங்க, தப்புதான். ஆனா திருப்பணின்னு சொல்லி மணலைப் பீய்ச்சி அடிச்சு எத்தனை கோயில்ல கல்வெட்டைத் தேய்ச்சாங்க, அது டெண்டர் விட்டு நடந்த வேலை ஐயா, ஊர்க்காரன் வாளியும் மட்டையுமா வந்து செஞ்சது இல்ல.

இன்னொண்ணு. மத்திய தொல்லியல் துறை சின்னம்னா சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா கட்டக்கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். சட்டம் நல்லதுதான், ஆனா அங்க குடியிருக்கிறவங்ககிட்ட உக்காந்து பேசாம போர்டு மட்டும் நட்டுட்டுப் போனா, ஒழுகுற வீட்டைச் சரி பண்ணக்கூட மனு போட்டு அலையறவனுக்கு அந்தச் சின்னத்து மேல எப்படிங்க பாசம் வரும்?

நிபுணர் வேணாம்னு நாங்க சொல்லவே இல்ல. அவர் வந்து ஊர் நடுவுல தமிழ்ல விளக்கட்டும், கிராமசபை ஒத்துக்கிட்ட பிறகு ஃபைல் நகரட்டும். அரிட்டாபட்டியில ஏலத்துக்கு முன்னாடி அப்படிக் கேட்டிருந்தா அந்த ஜனங்க விவசாயத்தைப் போட்டுட்டு ரோட்டுக்கு வந்திருக்க வேண்டியதே இல்ல. தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க ஐயா, நன்றி.