தலைவரை இறக்குவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சங்கத்தின் தலைவர் யார் என்று கேட்டால் உறுப்பினர்கள் சட்டென்று பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவர் சரியில்லை என்றால் இறக்குவது யார், எப்படி என்று கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் யோசிப்பார்கள். தொழிற்சங்க வரலாறு படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அந்த இரண்டாவது கேள்வியில்தான் அக்கறை. அமெரிக்க விமானிகளின் ஆல்பா சங்கத்தை வைத்து அதைப் பேசுகிறேன்.

1931இல் சிகாகோவில் ஆல்பாவைத் தொடங்கி நடத்தியவர் டேவிட் பென்கி. அவரும் விமானிதான். மோசமான வானிலையில் பறக்க மறுத்தால் வேலை போய்விடும் என்று விமானிகள் பயந்த காலம் அது. 1932இல் செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி சம்பளத்தை வெட்டினார், விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பென்கி வாஷிங்டனுக்குப் போய், லகார்டியா போன்ற காங்கிரஸ் உறுப்பினர்களைத் தங்கள் பக்கம் பேசவைத்தார். 1934இல், மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கச் சொல்லக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதற்காக அலைந்தவரும் அவரே. விமானி களைத்துப்போனால் ஆபத்து பயணிகளுக்கும்தான். அந்த 85 மணி நேரம் நமக்காகவும் வாங்கப்பட்டது.

இவ்வளவு விரிவாக ஏன் சொல்கிறேன்? இந்த மனிதரைத்தான் 1951இல் அந்தச் சங்கமே பதவியிலிருந்து இறக்கியது.

உலகப் போருக்குப் பிறகு விமான நிறுவனங்கள் பெருத்தன, உறுப்பினர்கள் பெருகினார்கள். பென்கியோ எல்லா வேலையையும் தானே பார்க்க வேண்டும் என்றிருந்தார். எந்த ஒப்பந்தமும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். பேச்சுவார்த்தைகள் இழுத்துக்கொண்டே போயின. கடைசியில் உறுப்பினர்களின் பிரதிநிதிகள் கூடி அவரை நீக்கிவிட்டு, கிளாரன்ஸ் சேயனைத் தலைவராக்கினார்கள். பென்கி ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்றம் வரை போனார். பதவி திரும்பவில்லை. 1953இல் இறந்துபோனார்.

நன்றி கெட்டவர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் செய்தது பெரிய காரியம். அவரை இறக்கியதும் சரியான காரியம். இரண்டும் ஒரே சங்கத்தில் நடந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, இன்று அங்கே ஏற்பாடு எப்படி? ஒரு விமானி எந்த நகரத்திலிருந்து பணிக்குக் கிளம்புகிறாரோ அங்கே ஒரு கிளை. கிளைப் பிரதிநிதிகளை அந்த ஊர் விமானிகளே தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களே திருப்பியும் அழைக்கலாம். ஒரு நிறுவனத்தின் கிளைப் பிரதிநிதிகள் எல்லாரும் சேர்ந்தால் அந்த நிறுவனத்துக்கான குழு. அந்தக் குழு தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும், வேண்டாமென்றால் நீக்கும். எல்லா நிறுவனங்களின் பிரதிநிதிகளும் கூடித் தேசியத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதில் நான் மறுபடி மறுபடி சுட்டிக்காட்டுவது கிளையைத்தான். தேசியத் தலைவரைச் சாதாரண விமானி பார்ப்பது அபூர்வம். கிளைப் பிரதிநிதியோ அதே ஊரிலிருந்து பறப்பவர், பணி முடிந்து இறங்கும்போது எதிரே வருவார். "அந்த ஒப்பந்தத்துக்கு ஏன் கை தூக்கினீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். கேள்வி கேட்கிற தூரத்தில் ஒருவர் இல்லையென்றால், விதிப்புத்தகத்தில் என்ன எழுதியிருந்தும் பலனில்லை.

சங்கத்துக்குள் எண்ணிக்கையில் குறைந்தவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2001இல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. டிடபிள்யூஏ விமானிகள் ஆல்பாவில் இருந்தவர்கள். விமானிக்கு பணிமூப்புதான் எல்லாம். எந்த விமானம், எந்த வழித்தடம், எந்த நாள் விடுமுறை, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே, எல்லாம் அந்த வரிசைப்படிதான். டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பாலோர் அந்த வரிசையின் அடிக்குப் போனார்கள். தங்கள் நிறுவனக் குழுவை அவர்கள் மாற்றலாம். தேசியத் தலைமையை அவர்கள் மட்டும் சேர்ந்து அசைக்க முடியாது. ஆல்பா தங்களுக்காக நியாயமாக நிற்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2011இல் நீதிமன்ற ஜூரி அதை ஏற்றது. 2014இல் 5 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இழந்த வரிசை எண் மட்டும் யாருக்கும் திரும்பவில்லை.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.