புள்ளி மறைந்தால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மார்கழியில் கொடைக்கானல் பக்கம் இருக்கும் பூம்பாறையிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். வீட்டில் இருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவள். கையில் புது லேப்டாப், முகத்தில் புதுக் கண்ணாடி.

"அக்கா, கண்ணாடி போட்டும் எழுத்து கலங்கலாத்தான் தெரியுது. ரிப்பேர் கடையில கேட்டா, மலையில ஈரம் ஜாஸ்தி, ஸ்கிரீனுக்குள்ள ஏறிருச்சு, மாத்தித்தான் ஆகணுங்கறாங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டியது.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் கொடுக்கும் செயலியில் தமிழ்ச் சொற்களைச் சேர்ப்பது அவள் வேலை. "பல் மருத்துவர்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பல மருத்துவர்" என்று போய்விட்டது. ஒரே ஒரு புள்ளி. தட்டும்போதும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, சரிபார்க்கும்போதும் தெரியவில்லை. கவனமில்லை என்று திட்டு வாங்கியிருக்கிறாள்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். திரையின் கீழ் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் அச்சடித்தது போல் தெளிவாக இருந்தது. அவள் நிரல் எழுதும் எடிட்டருக்குள் மட்டும் எழுத்தெல்லாம் எண்ணெய்த்தாளுக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தது. ஈரம் ஏறியிருந்தால் கடிகாரத்தை மட்டும் விட்டுவைக்குமா? கண்ணில் கோளாறென்றால் கடிகாரம் மட்டும் எப்படித் தெளிவாகத் தெரியும்?

அந்த எடிட்டர் பழையது. விண்டோஸ் கணினிகளில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல், அதாவது திரையில் படத்தை உருவாக்கும் பொடிச் சதுரங்கள், என்பது நெடுநாள் கணக்கு. பழைய மென்பொருள்கள் எல்லாம் அந்தக் கணக்கை நம்பியே எழுதப்பட்டவை. இவளுடைய திரை 14 அங்குலம், குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு சுமார் 157 வருகிறது. இந்தத் திரையில் எழுத்தைப் பழைய அளவிலேயே வரைந்தால் எறும்பு அளவுக்குப் போய்விடும். அதனால்தான் விண்டோஸ் தானாகவே 150 சதவீதம் என்று பெரிதாக்கி வைக்கிறது. புதிய மென்பொருள்கள் இதைத் தெரிந்துகொண்டு எழுத்தை அந்த அளவிலேயே புதிதாக வரைந்துவிடும். பழையதற்கு அது தெரியாது. அதனிடம் விண்டோஸ், "நீ 96 என்றே வைத்து வரைந்து கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது. அது வரைந்து கொடுத்த சின்னப் படத்தை வாங்கி, இழுத்துப் பெரிதாக்கி ஒட்டுகிறது. 2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டா என்ற விண்டோஸ் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது.

இழுத்தால் என்ன ஆகும்? "ட" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று. நிமிர்ந்த கோடு ஒரு பிக்சல் அகலம் என்று வையுங்கள். 150 சதவீதத்துக்கு இழுத்தால் அது ஒன்றரை ஆக வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. எனவே ஒன்று கறுப்பாகவும் பக்கத்தில் இருப்பது சாம்பலாகவும் ஆகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிழல். "ட" அதைத் தாங்கிக்கொள்ளும். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி தாங்காது. அது முதலிலேயே இரண்டு மூன்று பிக்சல்தான். சாம்பலாகிப் பின்னணியோடு கரைந்துவிடும். ஆங்கிலத்தில் நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே பாடுதான். முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும், எண் ஒன்றுக்கும் சின்ன எல் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். நிரலில் அந்த ஒரு குறிக்காகப் பாதி நாள் தேடியவர்கள் உண்டு.

நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909-இல், வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் இம்மியளவு விலகி நின்றதை வைத்துக் கண்டது அது. அந்த விலகல் படம் பிடிக்கும்போதே அதில் பதிந்திருந்தது. மங்கலாகப் பிடித்த படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அது கிடைத்திருக்காது. எடிட்டருக்கும் இதேதான் நியாயம். வரையும்போதே முழு நுணுக்கத்தில் வரைய வேண்டும்.

வேண்டியவர்கள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். எடிட்டரை மூடிவிடுங்கள். அதன் ஐகானில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். அதில் கம்பேட்டிபிலிட்டி என்ற பக்கம். அங்கே சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று ஒரு பட்டன். அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதன் அடியில் ஓவர்ரைடு என்று தொடங்கும் வரிக்கு டிக் போட்டு, கீழே இருக்கும் பட்டியலில் அப்ளிகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓகே கொடுத்து எடிட்டரைத் திறங்கள். இழுக்கும் வேலையை விண்டோஸ் கைவிட்டுவிடும்.

இப்போது எழுத்து தெளிவாக இருக்கும், ஆனால் சிறுத்துவிடலாம். பதறாதீர்கள். எடிட்டரின் எழுத்தளவு 12 என்றிருந்தால் 18 ஆக்குங்கள். மேலே இருக்கும் ஐகான்கள் மட்டும் பொடிசாகவே இருக்கலாம். அது தொந்தரவாக இருந்தால் அதே பட்டியலில் சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பதைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு 2017-இல் வந்த வசதி அது. சில பழைய மென்பொருள்களில் அளவும் சரியாகி எழுத்தும் தெளிவாகிவிடும், சிலவற்றில் ஒன்றும் மாறாது.

பூம்பாறைப் பெண்ணுக்கு முதல் வழியே போதுமானதாக இருந்தது. "பல்" என்று தட்டச் சொன்னேன். லகரத்தின் தலையில் கறுப்பாக, வட்டமாக ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தாள். மறுபடி போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தாள்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 125, 150 சதவீதம் என்று வைத்தால் விஎஸ் கோட் போன்ற எடிட்டர்களின் பழைய பதிப்புகள் மங்குவதுண்டு. திரையில் வரைவதற்கான வேலண்ட் என்ற புதிய ஏற்பாட்டில் நேரடியாக ஓடாமல், எக்ஸ் என்ற பழைய ஏற்பாட்டின் வழியாகச் சுற்றி வருவதால் அப்படி ஆகிறது. எடிட்டரைத் திறக்கும் கட்டளைக்குப் பின்னால் இதை ஆங்கிலத்தில் சேருங்கள்: இரண்டு சிறுகோடு, ஓசோன், ஒரு சிறுகோடு, பிளாட்ஃபார்ம், சமக்குறி, வேலண்ட். நடுவில் இடைவெளி வேண்டாம்.

இன்னொன்று, இங்கே தங்கும் விடுதிகளில் நான் அடிக்கடி பார்ப்பது. கீழ்நாட்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகள் அறையில் இருக்கும் பெரிய டிவியில் லேப்டாப்பை மாட்டிக்கொள்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நன்றாகத் தெரியும். சிவப்பும் நீலமும் மட்டும் ஈரத்தாளில் மை ஊறியது போலப் பரவி நிற்கும். சினிமா பார்ப்பதற்காக டிவி செய்யும் சிக்கனம் இது. வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று அல்லது இரண்டு பிக்சலுக்கு ஒன்று என்று பங்கு போட்டுவிடும். முகத்தைக் காட்டும்போது தெரியாது, எழுத்தில் உடனே தெரிந்துவிடும். டிவியில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பை பிசி என்று மாற்றுங்கள். லேப்டாப்பின் கிராபிக்ஸ் செட்டிங்கில் நிறத்தை ஆர்ஜிபி என்று வையுங்கள். அப்புறம் சிவப்பும் வெள்ளையைப் போலவே நிற்கும்.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன்மார், தம்பிமாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மங்கலாகத் தெரிகிறது என்று யாராவது லேப்டாப்பைக் கொண்டுவந்தால், திரையைக் கழற்றும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பாருங்கள். போனிலும் எழுத்து கலங்கலாகவே இருந்தால் கோளாறு மென்பொருளில், திரையைத் தொடவே வேண்டாம். போனில் தெளிவாக இருந்தால் மட்டும் கேபிளையும் திரையையும் பாருங்கள், அவையும் சரியாக இருந்தால் கண் டாக்டரிடம் அனுப்புங்கள். ஒரு நிமிட வேலை. கூக்கால், மன்னவனூர் பக்கமிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி உங்களிடம் வருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.