காற்றில்லாத பாறையும் காற்றுள்ள பாறையும்

அவையோருக்கு வணக்கம். நிலவைச் செத்த உலகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே காற்றில்லை, நீரோட்டமில்லை, ஆகவே தெரிந்துகொள்ளவும் அதிகமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதை நான் மறுக்கிறேன். பூமியின் இளமையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, நிலவில் காற்று இல்லாததால்தான் கிடைத்தது.

அப்போலோ விண்வெளி வீரர்கள் 1969 முதல் 1972 வரை 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், பூமிப் பாறைகளோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் இளம் பூமியின் மீது ஒரு பெரிய கோள் மோதியது, சிதறிய பொருள் திரண்டு நிலவானது என்ற கருத்துக்கு இது வலுவான சான்று. ஆக, இரண்டும் ஒரே மூலப்பொருள். பிறகு ஏன் இத்தனை வேற்றுமை? அளவுதான் முதல் காரணம். நிலவின் நிறை பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு. பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும், நிலவில் 2.4 போதும்.

இந்த வேறுபாட்டை எனக்கு மிக அழகாகக் காட்டுவது ஆர்கான் வாயு. பாறைக்குள் இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம் மெல்லச் சிதைந்து ஆர்கானாக மாறுகிறது. இரு உலகங்களிலும் நடப்பது இதுவே. பூமியில் அது வெளியேறிக் காற்றோடு சேர்ந்து, யுகயுகமாகத் தங்கிவிட்டது. இன்று நம் காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான். நாம் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் பழம்பாறைகள் விட்ட வாயுவும் உள்ளே போகிறது! நிலவிலும் ஆர்கான் கசிகிறது. இரவின் கடுங்குளிரில் மண்துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. வெயில் பட்டதும் கிளம்புகிறது. ஆனால் சூரியனின் புறஊதாக் கதிர்கள் அந்த அணுக்களை மின்னேற்றம் பெறச் செய்ய, சூரியனிலிருந்து ஓயாமல் பாயும் மின்துகள்களான சூரியக் காற்று அவற்றை வாரிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சும் வாயு மிக மெல்லியது. அதன் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. அதனால்தான் அதை வளிமண்டலம் என்று சொல்லாமல் புறவளி மண்டலம் என்கிறோம்.

இனி பாறைக்கு வருவோம். தொடக்கத்தில் நிலவின் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக்கடலாக இருந்தது. எடை குறைந்த கனிமங்கள் மிதந்து உறைந்து வெளிர்நிற மேலோடாயின. 2023-இல் சந்திரயான்-3 தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் மண்ணை ஆராய்ந்தபோது கிடைத்த வேதிக்கூறும் இக்கருத்தோடு ஒத்துப்போனது. பூமிக்கும் அப்படியோர் உருகிய காலம் இருந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே மழை அரிக்கிறது, ஆறு அடித்துச் செல்கிறது, கண்டத்தட்டுகள் பழைய தரையை ஆழத்துக்குள் இழுத்துக்கொள்கின்றன. கடல்தரையில் பெரும்பகுதி 20 கோடி ஆண்டுகளுக்கும் இளையது. 440 கோடி ஆண்டுப் பழைமைக்குச் சாட்சியாக ஆஸ்திரேலியாவில் கிடைத்தவை, மணல் அளவேயான, சிர்கான் என்ற உறுதியான கனிமத்தின் சில படிகங்கள்தாம்.

விண்கல் பள்ளங்களைப் பாருங்கள். பூமியில் உறுதிசெய்யப்பட்டவை சுமார் 200. பெரிய இலக்கு, வலிய ஈர்ப்பு என்பதால் நிலவைவிடப் பூமியின் மீதுதான் அதிகம் விழுந்திருக்கும். அந்தத் தடயங்கள் அழிந்துவிட்டன, நிலவில் அழியவில்லை. டைனோசர்களின் முடிவோடு தொடர்புடைய சிக்சுலூப் பள்ளம்கூட மெக்சிகோவில் படிவுகளுக்கு அடியில் புதைந்துதான் கிடக்கிறது. அது நடந்து 6.6 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன.

நிலவைப் பற்றிய நம் கணக்கும் முடிந்துவிடவில்லை. அப்போலோ கொண்டுவந்த எரிமலைப் பாறைகள் 300 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. சிறிய உலகம், சீக்கிரம் ஆறியிருக்கும் என்றே எண்ணினோம். 2020-இல் சீனாவின் சாங்கே-5 விண்கலம் கொண்டுவந்த பாறையின் வயதோ வெறும் 200 கோடி! அத்தனை காலம் உள்வெப்பம் எப்படி நீடித்தது என்பதை இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். 2024-இல் சாங்கே-6, நிலவின் மறுபக்கத்தில் சுமார் 2,500 கிலோமீட்டர் அகலமுள்ள தென்துருவ-எய்ட்கன் பள்ளத்திலிருந்து மண் கொண்டுவந்தது. நிலவின் மிகப் பழைய பெரும்பள்ளம் அது. அதன் வயதும் அதற்குப் பின் வந்த பள்ளங்களின் வயதும் துல்லியமாகும்போது, இளம் பூமியின் மீது விழுந்த பெருமோதல்கள் எப்போது ஓய்ந்தன, இங்கே கடல் எப்போது நிலைத்திருக்க முடிந்தது என்பதையும் நெருங்கிக் கணிக்கலாம்.