நெய் வடிந்த பாத்திரம் எங்கே?

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, என் கழுத்தில் இன்னும் நழுவிக்கொண்டே இருக்கும் இந்தப் பொன்னாடையைப் போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மேனாள் நூலகர் அம்மா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். நீதியரசர் ரயிலுக்குப் போக வேண்டுமாம். அதனால், விசாரணை ஆணைய அறிக்கைகள் முழுதாகத் தமிழில் வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கும் இந்தக் கூட்டத்தில், அரசியல் ஊழலைத் தொலைக்காட்சித் தொடராக எழுதுவது பற்றி மூன்றே செய்திகள்: ஆவணம், சட்டம், வசனம்.

அரசியல் ஊழலைத் தொடராக எடுக்க நினைப்பவர்கள் ஒரு பழமொழியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ள வேண்டும். 'கேப்பையில் நெய் வடியுதுன்னா, கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு?' பார்க்கிறவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார். நெய் வடிந்த பாத்திரத்தை, அதாவது ஆதாரத்தை, நாம்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

2018-இல் பிபிசி மூன்றே பகுதிகளில் ஒரு தொடர் காட்டியது. பிரிட்டனின் லிபரல் கட்சித் தலைவராக இருந்த ஜெரமி தார்ப்பின் கதை. அவருக்கும் தனக்கும் ஓரினப் பாலுறவு இருந்தது என்று நார்மன் ஸ்காட் என்ற இளைஞர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை மிரட்டவோ தீர்த்துக்கட்டவோ ஒரு விமானியை ஏற்பாடு செய்தார்கள். அந்த ஆள் பார்ன்ஸ்டேபிளுக்குப் போக வேண்டியவர், டன்ஸ்டேபிளுக்குப் போய்த் தேடினார்! நம்மூர்க் கணக்கில், திருவள்ளூருக்குப் போகச் சொன்னால் திருவாரூரில் இறங்கி வீடு வீடாக விசாரிப்பது மாதிரி. (சிரிப்பு) ஒருவழியாக 1975 அக்டோபரில் எக்ஸ்மூர் மேட்டில், ராத்திரியில், ஸ்காட்டைப் பிடித்தார். ஸ்காட்டோடு ரிங்கா என்ற நாய், கிரேட் டேன், கன்றுக்குட்டி உயரம். முதலில் நாயைச் சுட்டார். அடுத்து ஆளைக் குறிவைத்தால் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 1976-இல் தார்ப் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். கொலைச் சதி வழக்கில் 1979 ஜூனில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அவரையும் உடன் நின்றவர்களையும் விடுதலை செய்தது.

இதைக் கற்பனையாக எழுதிக்கொண்டு போனால் 'கேப்பையில் நெய்' என்று எந்தத் தயாரிப்பாளரும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தத் தொடரை நம்ப வைத்தது துப்பாக்கி அல்ல, ஒரு அட்டை. வேலை கொடுத்தவர் வாரா வாரம் முத்திரை ஒட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டு அட்டை. அது தார்ப்பிடம் மாட்டிக்கொண்டது, அது இல்லாமல் வேலையும் உதவித்தொகையும் வாங்க முடியவில்லை என்பதே ஸ்காட்டின் ஓயாத புலம்பல். ஒரு சாண் அட்டை ஒரு கட்சித் தலைவரின் வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அதுதான் பாத்திரம்.

நம்மிடம் பாத்திரமே இல்லையா? ஆழ்வார்ப்பேட்டை டி.டி.கே. சாலையில் தினமும் நெரிசலில் நிற்கிறோம். அந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி தென்சென்னை எம்.பி., நேருவின் நிதியமைச்சர். 1957 ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து கேட்டார். ஆளும் கட்சி உறுப்பினர், அதுவும் பிரதமரின் மருமகன்! நீதிபதி சாக்லாவின் விசாரணை ஆணையம் பம்பாயில் திறந்த அவையில் விசாரித்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார் நிதித்துறைச் செயலாளர். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் அமைச்சர். பொறுப்பு அமைச்சருடையதே என்றது அறிக்கை. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

இதை எழுத உட்கார்ந்தால் முதல் வேலை, சுவர் நீளத்துக்கு ஒரு தாள். நாள், ஆள், எங்கே சொன்னது, எந்தத் தாளில் இருக்கிறது என்று நான்கு பத்தி. ஆணையம் முடிவாகச் சொன்னதற்குச் சிவப்பு மை. ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்ததற்கு நீலம். நீங்கள் இட்டுக்கட்டியதற்குப் பென்சில். நீலத்தில் உள்ளதை ஒரே காட்சியாக எடுத்தால் தொலைந்தீர்கள். செயலாளர் சொன்னபடி ஒருமுறை, அமைச்சர் சொன்னபடி ஒருமுறை எடுங்கள். நடுவில் ஒரு சூட்கேஸை நுழைக்கக் கை அரிக்கும். டி.டி.கே. காசு வாங்கினார் என்று ஆணையம் சொல்லவில்லை. சூட்கேஸ் வந்தால் மறுபடியும் கேப்பையில் நெய்தான். சில்லறையிலும் கவனம் வேண்டும். 1957 ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது, அணாவும் கூடவே புழங்கியது. ஜூன் மாத டீக்கடைக் காட்சியில் இரண்டு காசும் கல்லாவில் கிடக்க வேண்டும்.

சட்டம். நீதியரசர் இருக்கும் மேடையில் நான் நீட்டி முழக்கக் கூடாது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றி நம்மூர் நக்கீரன் இதழ் தொடுத்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நீதிமன்றப் பதிவு உள்ளிட்ட பொது ஆவணத்தில் உள்ளதை எழுத அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் மட்டும் கூடாது. ஆவணத்தைத் தாண்டினால் ஆபத்து. முகம், குரல், மூக்குக்கண்ணாடி வரைக்கும் அசலாக வைத்துவிட்டு 'யாவும் கற்பனையே' என்று அட்டை போட்டால் எந்தக் கோர்ட்டும் சிரிக்கும்.

ஆக, எல்லாம் ஆவணத்தில் போய் நிற்கிறது. அந்த ஆவணம் எந்த மொழியில் இருக்கிறது? இதற்காகத்தான் இந்தக் கையெழுத்து இயக்கம். 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி, ஆணையத்தின் அறிக்கையை ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அன்றைக்கே அதன் முழுத் தமிழ் வடிவமும் வெளிவர வேண்டும், சாட்சியங்கள், பின்னிணைப்புகள் உட்பட! (கைதட்டல்) ஒரு படி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு, ஒரு படி ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்துக்கு. சுருக்கம் கொடுத்து ஏமாற்ற வேண்டாம். வசனம் எழுதுகிறவனுக்குத் தேவையானது குறுக்கு விசாரணை. அதில் ஒருவர் தடுமாறிய இடம், தண்ணீர் கேட்ட இடம்.

மூன்றாவது, வசனம்... தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னொரு நாள் பார்ப்போம். வாசலில் மேசை போட்டிருக்கிறது, கோரிக்கை மனு தயார். பெயர், ஊர், பின்கோடு மூன்றையும் புரிகிற கையெழுத்தில் எழுதுங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.